கார் ரிப்பேரில் எங்கே கையைச் சுருக்கலாம், எங்கே கூடாது

தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வந்த புதிதில் இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடிய பழைய செடான் ஒன்றை வாங்கினேன். முதல் சர்வீஸில் மெக்கானிக் எஞ்சினிலிருந்து ரேடியேட்டருக்குப் போகும் மேல் ஹோஸை இரண்டு விரலால் அமுக்கிக் காட்டினார். பஞ்சு மாதிரி உள்ளே போனது, கிளிப் போட்ட இடத்தில் உப்பி, பாத வெடிப்பு போலக் கீறல் விட்டிருந்தது. ஹோஸ், புதுக் கூலன்ட் (எஞ்சின் சூட்டைத் தணிக்கும் திரவம்), கூலி எல்லாம் சேர்த்து அறுநூறு ராண்ட் ஆகும் என்றார். அந்த மாதம்தான் வீட்டுக்கு அட்வான்ஸ் கட்டியிருந்தேன். சரி, அடுத்த சர்வீஸில் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

மூன்று வாரம் கழித்து ஸ்கூல் லீவுக்கு ஜொகன்னஸ்பர்க் கிளம்பினோம். வண்டி நிறைய ஆள், டிக்கி நிறைய சாமான். என்3 நெடுஞ்சாலை கடல் மட்டத்தில் ஆரம்பித்து ஆயிரத்து எழுநூறு மீட்டருக்கு மேல் ஏறுகிற ரோடு. பீட்டர்மாரிட்ஸ்பர்க்கைத் தாண்டி டவுன் ஹில் ஏற்றத்தில் ஹோஸ் பிளந்தது. அதைவிடப் பெரிய தப்பை நான் அதற்கு அப்புறம்தான் செய்தேன்: டெம்பரேச்சர் முள் சிவப்புக்குப் போனதைப் பார்த்தும், ஏற்றம் முடியட்டும், நிறுத்தலாம் என்று இன்னும் இரண்டு மூன்று கிலோமீட்டர் ஓட்டினேன். எஞ்சினின் மேல் பாகமான ஹெட் வளைந்தது, அதற்கு அடியில் கசியாமல் அடைத்திருக்கும் கேஸ்கெட் போனது. டோயிங், ஹெட்டை இறக்கி லேத்தில் கொடுத்துச் சமன் செய்தது, கேஸ்கெட், கூலி எல்லாம் சேர்ந்து பதினாலாயிரம் ராண்ட். லீவு முழுக்க வீட்டில்தான் இருந்தோம்.

அன்றிலிருந்து ஒவ்வொரு ரிப்பேருக்கும் நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்கிறேன். இந்தச் சாமான் என்ன விலை என்று இல்லை, இது போனால் கூடவே எதையெல்லாம் இழுத்துக்கொண்டு போகும் என்று. கண்ணாடி மோட்டார் போனால் ஜன்னல் இறங்காது, அவ்வளவுதான். ஹோஸ் போனால் எஞ்சின். முன் சக்கரத்து ஆக்ஸிலில், சக்கரம் திரும்பினாலும் அதைச் சுற்றவைக்கும் இணைப்பான சி.வி. ஜாயின்டை மூடியிருக்கும் ரப்பர் உறை கிழிந்தால், கிரீஸ் வெளியே தெறித்து மணல் உள்ளே போய், வண்டியைத் திருப்பும்போது டக் டக் என்று சத்தம் வர ஆரம்பிக்கும். அந்தச் சத்தம் வந்த பிறகு உறையை மட்டும் மாற்றிப் பிரயோஜனமில்லை, ஜாயின்டே போய்விட்டது. கிழிசலைக் கண்டதும் மாற்றியிருந்தால் ரப்பர் உறை விலையோடும் கூலியோடும் முடிந்திருக்கும். மெக்கானிக் ஒரு பட்டியல் நீட்டினால் அதில் இருக்கும் ஒவ்வொன்றையும் இந்தக் கேள்வியில் போட்டுப் பாருங்கள், எதைத் தள்ளிப்போடலாம், எதைத் தள்ளக்கூடாது என்று பாதி அங்கேயே தெரிந்துவிடும்.

கூலன்ட் விஷயத்தில் நம் ஆட்களுக்குக் கைவைத்தியம் அதிகம். ரேடியேட்டர் ஒழுகினால் மஞ்சள் தூள் போடு என்று ஊரில் சொல்வார்கள், இங்கே ஒருவர் மிளகுத் தூள் என்றார். சின்ன ஓட்டை அடைபடும், பொய்யில்லை. ஆனால் அந்தத் தூளுக்கு எது ஓட்டை, எது ஹீட்டருக்குப் போகும் சின்னக் குழாய் என்று தெரியாது, இரண்டையும் சேர்த்தே அடைக்கும். நடுவழியில் மாட்டிக்கொண்டால் வீடு வந்து சேர உதவலாம், அதை ரிப்பேர் என்று எண்ணி ஆறு மாதம் ஓட்டாதீர்கள். வெறும் குழாய்த் தண்ணீர் ஊற்றி ஓட்டுவதும் இதே வகைதான். கூலன்டில் துருப் பிடிக்காமலிருக்க மருந்து கலந்திருக்கிறது, தண்ணீரில் அது கிடையாது, அலுமினிய ஹெட்டும் வாட்டர் பம்பும் உள்ளுக்குள் அரித்துக்கொண்டே போகும், வெளியே எதுவும் தெரியாது. ரேடியேட்டர் மூடி தளர்ந்திருந்தால் அதையும் மாற்றுங்கள். உள்ளே அழுத்தத்தைப் பிடித்து வைத்து, தண்ணீர் நூறு டிகிரியிலேயே கொதிக்காமல் பார்த்துக்கொள்வது அந்த மூடிதான். முள் ஏறினால் ஏ.சி.யை அணைத்து, ஹீட்டரை முழுசாகத் திறந்து, பத்திரமான இடம் பார்த்து ஓரம் கட்டி எஞ்சினை நிறுத்துங்கள். என்னைப் போல உச்சி வரைக்கும் போகாதீர்கள். சூடு தணியும் முன் மூடியைத் திறக்கவும் கூடாது, முகத்தில் அடிக்கும்.

எஞ்சினின் வால்வுகளைப் பிஸ்டனோடு தாளம் தப்பாமல் இயக்கும் கேம்பெல்ட்டுக்கு வருகிறேன். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது கார் ரிப்பேருக்காகவே சொன்ன மாதிரி இருக்கும். பெல்ட் விலை கொஞ்சம்தான். அதை அடைய எஞ்சின் மவுன்ட், கவர், புல்லி என்று அரை நாள் பிரிக்க வேண்டும், காசு அதற்குத்தான். பல வண்டிகளில் வாட்டர் பம்பைச் சுற்றுவதும் இதே பெல்ட்தான். பெல்ட்டை மட்டும் மாற்றி, பம்ப் இன்னும் நன்றாகத்தானே இருக்கிறது என்று விட்டால், எட்டு மாதத்தில் பம்ப் ஒழுகும்போது அதே அரை நாள் கூலியை மறுபடி கட்டுவீர்கள், கூலன்டில் நனைந்த பெல்ட்டையும் தூக்கிப் போடுவீர்கள். பெல்ட்டை இறுக்கி வைக்கும் டென்ஷனர், பெல்ட் ஓடும் ஐட்லர் உருளை, பம்ப் எல்லாம் சேர்ந்த கிட்டாக வாங்கி ஒரே தடவையில் முடியுங்கள். எத்தனை கிலோமீட்டருக்கு ஒரு முறை என்பது வண்டிக்கு வண்டி வேறுபடும், மேனுவலைப் பாருங்கள், கூடவே வருடக் கணக்கும் போட்டிருப்பார்கள். கம்மியாக ஓடுகிற வண்டிக்கு அந்த வருடக் கணக்குதான் முக்கியம், ரப்பர் நின்ற இடத்திலேயே கிழடாகும். சில வண்டிகளில் பெல்ட் இல்லை, செயின் இருக்கும், அவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடலாம். பழைய வண்டி வாங்கி, பெல்ட் மாற்றியதற்கு பில் இல்லையென்றால், மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான எஞ்சின்களில் பெல்ட் அறுந்தால் பிஸ்டன் போய் வால்வை இடிக்கும். அதன் பிறகு ஸ்க்ராப் யார்டில் வேறு எஞ்சின் தேட வேண்டியதுதான்.

பிரேக் பேட் மூன்று மில்லிமீட்டருக்கு வந்துவிட்டால் மாற்றிவிடுங்கள். சக்கரத்துக் கம்பிகளுக்கு நடுவே டார்ச் அடித்தால் வெளிப்பக்கப் பேட் தெரியும், ஆனால் உட்பக்கத்தது அதைவிடச் சீக்கிரம் தேய்ந்திருக்கலாம், அதனால் சக்கரத்தைக் கழற்றும்போதெல்லாம் எட்டிப் பாருங்கள். கிறீச் சத்தம் வந்தும் ஒரு மாதம் தள்ளினால் இரும்பு இரும்பில் உராய்ந்து டிஸ்க்கையும் தின்றுவிடும். பலர் மறப்பது பிரேக் ஆயிலை. அது காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும், டர்பன் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமே இல்லை. டாட் 4 என்ற வகை பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது, ஈரம் ஏறிய பிறகு அந்தக் கணக்கு 155க்கு இறங்கிவிடுகிறது. க்ளூஃபிலிருந்து பைன்டவுனுக்கு ஃபீல்ட்ஸ் ஹில்லில் இறங்கியவர்களுக்கு இது என்ன என்று புரியும்: பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் சூட்டில் ஆயில் கொதித்து, குழாயில் ஆவி நிறைந்து, பெடல் தரை வரை போகும். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்றுங்கள், செலவு அதிகமில்லை. இறக்கத்தில் கியரைக் குறைத்து இறங்குவதற்குச் செலவே இல்லை.

டயர். இங்கே சட்டப்படி டயரின் பட்டன் ஒரு மில்லிமீட்டர் ஆழம் இருந்தால் போதும், ஆனால் நவம்பர் மழையில் ஒரு மில்லிமீட்டரை நம்பி ஹைவேயில் நூற்றிருபதில் போக எனக்குத் தைரியம் இல்லை. மூன்று மில்லிமீட்டரிலேயே மாற்றிவிடுகிறேன். செகண்ட் ஹேண்ட் டயர் மலிவு என்று வாங்கப் போகிறவர்கள், டயரின் பக்கவாட்டில் DOT என்ற எழுத்துகளுக்குப் பின்னால் கடைசியாக இருக்கும் நான்கு இலக்கத்தைப் படியுங்கள்: 2314 என்றிருந்தால் 2014இன் இருபத்து மூன்றாவது வாரத்தில் செய்தது. பட்டன் புதுசு மாதிரி இருந்தாலும் அது கல்லாய்ப் போன கிழட்டு ரப்பர். காசுக்கு இரண்டே டயர்தான் வாங்க முடியும் என்றால் புதியதைப் பின்னால் போடச் சொல்லுங்கள். முன் சக்கரம் வழுக்கினால் ஸ்டியரிங்கில் தெரியும், பின் சக்கரம் வழுக்கினால் தெரிவதற்குள் வண்டி சுற்றிவிட்டிருக்கும். ஒன்று இன்ஷூரன்ஸைப் பற்றி: மொட்டை டயரோடு விபத்தானால் வண்டி ரோட்டுக்குத் தகுதியில்லாத நிலையில் இருந்தது என்று சொல்லிக் க்ளெய்மை மறுக்க அவர்களுக்கு வழி இருக்கிறது. இங்கே சொந்தக் காருக்கு ரோட்வொர்த்தி சோதனை கை மாறும்போதுதான். நீங்கள் விற்காதவரை யாரும் வந்து பார்க்கப் போவதில்லை, நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

எஞ்சின் ஆயிலைப் பற்றி ஒரே வரி: மேனுவலில் போட்டிருக்கும் கிரேடை ஊற்றுங்கள், ஃபில்டரோடு சேர்த்து மாற்றுங்கள்.

செலவழிக்கச் சொல்லிக்கொண்டே போகிறேன், மிச்சம் பிடிக்கவும் இடம் இருக்கிறது. ஏர் ஃபில்டர், வைப்பர், பல்பு எல்லாம் பல வண்டிகளில் நீங்களே பத்து நிமிடத்தில் மாற்றலாம். கதவு, கண்ணாடி, பம்பர், லைட் ஆகியவற்றை ஸ்க்ராப் யார்டில் எடுங்கள், ஆனால் கடற்கரை வண்டியின் கதவென்றால் அடியில் துரு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். பிரேக், ஸ்டியரிங் சாமான்களை மட்டும் அங்கே எடுக்காதீர்கள். கம்பெனி டப்பாவில் வரும் சாமான்தான் வேண்டும் என்பதில்லை, நல்ல ஸ்பேர்ஸ் கடையில் பெயருள்ள வேறு பிராண்ட் பாதி விலையில் கிடைக்கும், நானும் அப்படித்தான் வாங்குகிறேன். டீலரிடம்தான் சர்வீஸ் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் வாரன்டி போய்விடும் என்ற பயமும் பழசு. வியாபாரப் போட்டியைக் கண்காணிக்கும் இங்குள்ள காம்பெட்டிஷன் கமிஷனின் வழிகாட்டுதல் 2021 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிறது, அதன்படி வாரன்டி காலத்திலும் வெளி வொர்க்‌ஷாப்பில் சர்வீஸ் செய்யலாம்.

நிறையப் பேர் காசை விடும் இன்னொரு இடம், கோளாறு என்னவென்று கண்டுபிடிக்கும் கூலியை மிச்சப்படுத்துவது. பக்கி வைத்திருக்கும் நண்பர் ஒருவருக்கு (இங்கே பிக்கப் வண்டிக்கு அதுதான் பெயர், சிரிக்காதீர்கள்) எஞ்சின் லைட் எரிந்தது. எஞ்சின் கம்ப்யூட்டர் பதிந்து வைத்த கோளாறுக் குறியீட்டைப் படிக்கும் கோட் ரீடரைச் செருகினார், ஆக்ஸிஜன் சென்சார் என்று ஏதோ வந்தது, சென்சாரை மாற்றினார். லைட் மறுபடி எரிந்தது, இன்னொரு சென்சார். மூன்றாவதாக ஏர்ஃப்ளோ மீட்டர். கடைசியில் பார்த்தால் எஞ்சினுக்குப் பின்னால் ஒரு வேக்கூம் குழாய் பிளந்து காற்று புகுந்துகொண்டிருந்தது. சென்சார் உள்ளதைத்தான் சொல்லியிருக்கிறது, பாவம், சொன்னவனைத் தூக்கி எறிந்துவிட்டார். கோட் எதை மாற்றுவது என்று சொல்லாது, எங்கே தேடுவது என்றுதான் சொல்லும். தெரிந்த ஆளிடம் ஒரு மணி நேரக் கூலி கொடுத்துத் தேடச் சொல்வது மூன்று சென்சாரைவிட மலிவு.

வேலை கொடுக்கும்போது எஸ்டிமேட்டை எழுத்தில் வாங்குங்கள். கன்ஸ்யூமர் ப்ரொடெக்‌ஷன் சட்டப்படி, நீங்கள் வேண்டாம் என்று சொன்னாலொழிய, எஸ்டிமேட் கொடுத்து உங்கள் சம்மதம் வாங்காமல் பில் போடக்கூடாது. கழற்றிய பழைய சாமானையும் உங்களிடம் திருப்பித் தர வேண்டும், கேட்க வெட்கப்படாதீர்கள். பழைய பேடைக் கையில் வாங்கிப் பார்க்கும்போதுதான் மாற்ற வேண்டியிருந்ததா என்று தெரியும். மாட்டிய புதுச் சாமானுக்கு மூன்று மாத வாரன்டியும் அதே சட்டத்தில் இருக்கிறது. ரசீது இல்லாமல் காசு கொடுத்து, மலிவாக முடித்தேன் என்று நினைப்பவர்களால் இந்த மூன்றையும் நிரூபிக்க முடியாது.

கையில் காசே இல்லாத மாதமும் வரும், எனக்கும் வந்திருக்கிறது. அப்போது பிரேக், டயர், ஸ்டியரிங் முதலில், அடுத்து கூலன்ட், ஆயில் ஒழுகல், அப்புறம் கேம்பெல்ட். ஏ.சி., பெயின்ட், ஸ்பீக்கர் எல்லாம் காத்திருக்கட்டும். முதல் வரிசையில் உள்ளதையே செய்ய முடியவில்லையென்றால் வண்டியை நிறுத்திவிட்டு மினிபஸ் டாக்ஸியில் போய் வாருங்கள், நான் ஆறு வாரம் போனேன்.

டர்பனில் இந்தியர்கள் அதிகம் வாழும் சாட்ஸ்வொர்த்தில் வளர்ந்த பக்கத்து வீட்டு அங்கிளுக்குத் தமிழில் தேவாரமும் முருகன் பாட்டும் தெரியும், பேச்சு முழுக்க இங்கிலீஷ்தான். அவர் காரின் கபிஹோலில் (டேஷ்போர்டில் இருக்கும் சின்னப் பெட்டி) ஒரு ஸ்கூல் நோட்டு இருக்கிறது. தேதி, கிலோமீட்டர், என்ன மாற்றியது, என்ன விலை என்று வரிக்கு வரி எழுதி, ரசீதைப் பக்கத்திலேயே ஸ்டேப்ளர் அடித்திருக்கிறார். நானும் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். நீங்கள் எழுத ஆரம்பிப்பதாக இருந்தால் கேம்பெல்ட் மாற்றிய கிலோமீட்டரை மட்டும் நோட்டில் எழுதியதோடு விடாமல், ஒரு ஸ்டிக்கரிலும் எழுதி பானெட்டுக்கு அடியில் ஒட்டிவிடுங்கள், அடுத்த மெக்கானிக் நோட்டைத் தேட மாட்டார்.