நம் தெரு நன்றாக இருக்கிறதா என்று நாமே கணக்கெடுப்பது எப்படி

2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையைக் கடந்தது. பண்ருட்டிப் பக்கம் தாத்தா காலத்துப் பலா மரங்களும் முந்திரித் தோப்புகளும் வேரோடு சாய்ந்து கிடந்ததைப் பார்த்தவர்களுக்கு மறக்காது. மாற்றி நட்ட மின்கம்பம், விற்ற தகர ஷீட், ஓடின ஜேசிபி எல்லாம் ஜிடிபியில், அதாவது நாட்டின் மொத்த உற்பத்திக் கணக்கில், வரவு. சாய்ந்த மரத்தைக் கழிக்க அதில் பத்தியே கிடையாது, அடுத்த வருஷம் விளைச்சல் குறைந்தால் அது மட்டும்தான் தெரியும். தண்ணீரும் அப்படித்தான். போர்வெல் தண்ணீர் நன்றாக இருந்தவரை அது கணக்கிலேயே இல்லை, உப்பு கரித்து எல்லோரும் கேன் வாங்க ஆரம்பித்ததும் அது வளர்ச்சி. நாட்டு வருமானத்தைக் கணக்கிடும் முறையை வகுத்த சைமன் குஸ்நெட்ஸே, இதை வைத்து மக்கள் நலனை அளக்க முடியாது என்று 1934-இலேயே எழுதி வைத்துவிட்டார்.

அப்போ எதை வைத்து அளப்பது? பூட்டானில் ஒரு முறை இருக்கிறது, மொத்த தேசிய மகிழ்ச்சி. 2008-இல் வந்த அவர்கள் அரசியலமைப்பிலேயே அதற்கு இடம் கொடுத்திருக்கிறார்கள். பூட்டான் சொர்க்கம் என்று நான் சொல்லவில்லை. 1990-களில் லட்சம் பேருக்கு மேல் அங்கிருந்து அகதிகளாக வெளியேற்றப்பட்டார்கள், இப்போது இளைஞர்கள் வேலைக்கு ஆஸ்திரேலியா போய்க்கொண்டே இருக்கிறார்கள். ஆனால் அந்த அளவுகோல் நல்ல அளவுகோல், அதை நம் தெருவுக்கு எடுத்துக்கொள்ளலாம். நாங்கள் கடலூர் முதுநகரில் ஒரு தெருவில் செய்தோம், நாலு பேர், இரண்டு ஞாயிற்றுக்கிழமை.

முதல் வேலை, துறைகளைப் பிரிப்பது. பூட்டானில் ஒன்பது: வாழ்க்கை வசதி, உடல்நலம், படிப்பு, மன நிம்மதி, நேரம், அக்கம்பக்கத்து உறவு, பண்பாடு, சுற்றுச்சூழல், நிர்வாகம். அவர்கள் இதற்குள் 33 குறியீடுகள் வைத்திருக்கிறார்கள், நமக்குத் துறைக்கு இரண்டு கேள்வி போதும்.

அடுத்ததுதான் முக்கியமான வேலை, அவசரப்படாதீர்கள். ஒவ்வொரு துறைக்கும் "இவ்வளவு இருந்தால் போதும்" என்று ஒரு கோடு போட வேண்டும், அதுவும் யாரையும் கேட்பதற்கு முன்னாலேயே. பூட்டானில் நேரத்துக்கான கோடு எட்டு மணி நேரத் தூக்கம், எட்டு மணி நேரத்துக்கு மேல் போகாத வேலை, அந்த வேலையில் வீட்டு வேலையும் சேர்த்தி. குடிதண்ணீருக்கு எங்கே கோடு போடுவது என்று எங்களுக்குள் ஒரு சாயங்காலம் முழுக்க வாக்குவாதம். கடைசியில், காசு கொடுத்து வாங்காமல் குடிக்க முடிந்தால் போதும் என்று முடிவு செய்தோம். கோட்டைத் தாண்டி எவ்வளவு இருந்தாலும் கூடுதல் மதிப்பெண் கிடையாது. சராசரி எடுத்தால் ஒரு வீட்டு ஏசி இன்னொரு வீட்டுப் பட்டினியை மறைத்துவிடும், இங்கே அது நடக்காது.

அப்புறம் எப்போது கேட்பது என்று பாருங்கள். மீனவர் தெரு என்றால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், அந்த இரண்டு மாதத்தில் கேட்டால் வருமானம் பற்றி வருகிற பதில் வருஷத்துக்குப் பொருந்தாது. அடைமழைக் காலமும் வேண்டாம். ஐந்து வீட்டுக்கு ஒரு வீடு என்று வரிசையாகப் போங்கள், தெரிந்தவர் வீடாகப் பொறுக்காதீர்கள். பெண்களைத் தனியாகக் கேளுங்கள், முடிந்தால் பெண்களே கேட்கட்டும்.

"சந்தோஷமா இருக்கீங்களா" என்று மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். துறைமுகத்தில் மீன் ஏலம் எடுத்துத் தெருத்தெருவாக விற்கும் ஒரு அக்காவிடம் அப்படித்தான் கேட்டோம். "எனக்கென்னப்பா, நல்லா இருக்கேன்" என்றார். சரி, நேற்று என்னென்ன செய்தீர்கள் என்று மணிவாரியாகக் கேட்டோம். மூன்று மணிக்கு எழுந்தது, ஏலம், பத்தரை வரை கூடையோடு அலைச்சல், வந்து சமையல், குழாயில் தண்ணீர் வரும் என்று காத்திருந்தது, மாமியாருக்கு மாத்திரை வாங்கப் போனது, ராத்திரிப் பாத்திரம். தூக்கம் ஐந்து மணி நேரம்கூடத் தேறவில்லை. நாங்கள் தாளில் கூட்டிக் காட்டியதும் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "இத்தனை நாளா இதை யாரும் கேக்கலியே" என்றார். மத்திய அரசு 2019-இல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பிலும் இதே கதைதான்: சம்பளமில்லாத வீட்டு வேலை செய்கிற பெண்களுக்கு அதில் ஒரு நாளைக்கு 299 நிமிடம் போகிறது, ஆண்களுக்கு 97.

கணக்குப் போடுவது சுலபம். ஒன்பதில் ஆறு துறையில் கோட்டைத் தொட்டவர் நன்றாக இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். உதாரணத்துக்கு 40 பேரைக் கேட்டீர்கள், 22 பேர் தொட்டார்கள், மீதி 18 பேர், அதாவது 45 சதவீதம். அந்த 18 பேருக்கும் சராசரியாக ஐந்து துறையில் குறை என்றால் 5/9. இரண்டையும் பெருக்கினால் 0.25, ஒன்றிலிருந்து கழித்தால் 0.75. அதுதான் உங்கள் தெருவின் எண். பூட்டானுக்கு 2022-இல் வந்தது 0.781. கேள்வியும் கோடும் வேறு என்பதால் அதோடு போட்டி போடாதீர்கள். அந்த 18 பேரில் எத்தனை பேருக்கு எந்தத் துறையில் குறை என்று எண்ணுங்கள், வேலைக்கு ஆவது அதுதான். எங்கள் தெருவில் வருமானம் முதலில் நிற்கும் என்று நினைத்தோம். நேரமும் தண்ணீரும்தான் நின்றன.

இதை ஒரே தாளில் எழுதி, பெயர் எதுவும் போடாமல், எடுத்துக்கொண்டு போங்கள். ஊராட்சி என்றால் கிராம சபை, தமிழ்நாட்டில் இப்போது வருஷத்துக்கு ஆறு முறை நடக்கிறது, மார்ச் 22 உலகத் தண்ணீர் தினக் கூட்டம் இதற்குப் பொருத்தம். மாநகராட்சிக்குள் என்றால் பகுதி சபை, அதாவது வார்டுக்குள் அந்தந்தப் பகுதி மக்கள் கூடும் கூட்டம். புதுச்சேரிக்காரர்களுக்குத்தான் சிரமம், அங்கே 2006-க்கு அப்புறம் உள்ளாட்சித் தேர்தலே நடக்கவில்லை, கொம்யூன் பஞ்சாயத்து ஆணையரிடமும் தொகுதி எம்.எல்.ஏ.விடமும் நேரில் கொடுத்து நகலில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். பொதுவாக "வளர்ச்சி வேண்டும்" என்று எழுதாமல் ஒன்றே ஒன்று கேளுங்கள். நாங்கள் கேட்டது, குழாய்த் தண்ணீர் வரும் நேரத்தை முன்கூட்டியே அறிவித்து அதே நேரத்தில் விடவேண்டும் என்பது. அடுத்த வருஷம் அதே மாதம், அதே கேள்விகளோடு, அதே வரிசையில் மறுபடி போகப் போகிறோம்.