வயதான வெள்ளாட்டுக்குப் பல் பார்ப்பதும் தீனி மாற்றுவதும்

ஜூனில் குளிர்காலம் பிறந்ததும் தென்னாப்பிரிக்காவின் பீட்டர்மாரிட்ஸ்பர்க் பக்கம் புல் காய்ந்து முரடாகிவிடும். இளம் ஆடுகள் அதையும் மென்று சமாளித்துக்கொள்ளும். ஏழெட்டு வயது தாண்டியது மட்டும் இளைக்கும். உடனே தானியத்தை அள்ளிப் போடாதீர்கள். காரணத்தைப் பார்த்துவிட்டுத் தீனியில் கை வைப்போம்.

1. கண்
பல் பார்க்கப் போகிறோம், கண் எதற்கு? இரத்தம் உறிஞ்சும் குடற்புழுவும் ஆட்டை இப்படித்தான் இளைக்க வைக்கும். கீழ் இமையை லேசாக இறக்கிப் பாருங்கள். உள்ளே சிவப்பாக இருந்தால் சரி. வெளுத்திருந்தால் முதலில் புழுவைக் கவனியுங்கள். இதற்கென்றே 5 நிறம் கொண்ட 'ஃபமாச்சா' அட்டை இருக்கிறது, நம் தென்னாப்பிரிக்காவில் உருவானதுதான். தாடைக்கு அடியில் மெத்தென்று நீர் கோத்திருந்தாலும் புழுச் சந்தேகமே.

2. முன்பல்
ஆட்டைச் சுவரோரம் நிறுத்தி ஒருவர் பிடித்துக்கொள்ளட்டும். கீழுதட்டை இறக்கினால் 8 பல் தெரியும். மேலே கெட்டியான ஈறுதான். பல் கொட்டிவிட்டதென்று பதற வேண்டாம், எந்த ஆட்டுக்கும் அங்கே பல் கிடையாது. சுமார் ஒரு வயதில் 2 பெரிய பல், நாலு வயதில் எட்டும் வந்துவிடும். அப்புறம் நீண்டு, இடைவெளி விட்டு, தேய்ந்து, உடையும்.

3. கடைவாய்
முன்பல் போன ஆடு நறுக்கிப் போட்டால் பிழைத்துக்கொள்ளும். உண்மையான சங்கடம் கடைவாயில்தான். அங்கே 24 பல், ஓரமெல்லாம் கத்தி மாதிரி. விரலை உள்ளே விடவே கூடாது. வெளியிலிருந்து இரண்டு கன்னத்தையும் ஒரே நேரத்தில் விரல் நுனியால் அழுத்தித் தடவுங்கள். ஓரிடத்தில் முகத்தை வெடுக்கென்று திருப்புகிறதா? தாடை எலும்பில் முண்டு தட்டுகிறதா? கன்னத்துக்குள் தீனி அடைந்து கிடக்கிறதா? பிறகு தீனி போட்டுவிட்டுச் சற்றுத் தள்ளி உட்கார்ந்து பாருங்கள். பாதி மென்ற பச்சை உருண்டை கீழே விழுவது, உதட்டோரம் பச்சை எச்சில், வாய் நாற்றம், எல்லாம் கடைவாய்ப் பல் கோளாறின் அடையாளம். பல்லை ராவுவது கால்நடை மருத்துவர் வேலை. அரத்தை எடுத்துக்கொண்டு நீங்கள் இறங்க வேண்டாம்.

4. தீனி
லூசர்னில் (குதிரைமசால்) தடித்த தண்டை ஒதுக்கிவிட்டு, இலையையும் மெல்லிய தண்டையும் விரற்கடை நீளத்துக்கு நறுக்குங்கள். லூசர்ன் குச்சித்தீவனம் கிடைத்தால் வெதுவெதுப்பான நீரில் ஊற வைத்து, கையால் பிசைந்தால் உதிர்கிற பதத்தில் வையுங்கள். ஒரு நாளில் மூன்று நான்கு வேளையாகக் கொடுங்கள்; மீந்ததைப் புளிக்கும்முன் எடுத்துவிட வேண்டும்.

மீலி மாவு, அதாவது மக்காச்சோள மாவு, மெல்ல வேண்டியதே இல்லை என்பதால் கை தாராளமாகப் போகும். அங்கேதான் ஆபத்து. வயிற்றில் அமிலம் ஏறி ஆடு செத்தே போகலாம். கொஞ்சமாகத் தொடங்கி, பத்து நாளில் படிப்படியாகக் கூட்டுங்கள்; நார்த்தீனி எப்போதும் அதிகமாக இருக்கட்டும். காயடித்த கிடாய்க்குத் தானியம் மிஞ்சினால் சிறுநீர்க் கல்லும் வரும்.

தனியாக வைத்துத் தீனி கொடுங்கள், இல்லாவிட்டால் இளசுகள் முட்டித் தள்ளிவிட்டுத் தின்றுவிடும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை முதுகெலும்பைத் தொட்டுப் பாருங்கள். மயிர் மறைப்பதால் கண்ணுக்கு இளைப்பு தெரியாது. பல் போன பெட்டையைக் கிடாயோடு சேர்க்க வேண்டாம்.