கோப்பு ஏறாதபோது எந்த உலாவியில் எதைச் சோதிப்பது

பாளையங்கோட்டையிலோ வண்ணார்பேட்டையிலோ உள்ள ஒரு பிரவுசிங் சென்டரில், ஏதேனும் ஒரு விண்ணப்பத்தின் கடைசி நாளன்று சற்று நேரம் நின்றால் ஒரே உரையாடல் திரும்பத் திரும்பக் காதில் விழும். “அண்ணாச்சி, போட்டோ ஏற மாட்டேங்கு” என்று ஒருவர் சொல்வார். “வேற பிரவுசர்ல போட்டுப் பாருங்க” என்று பதில் வரும். அந்தப் பதில் பாதி சரியானது. எந்த உலாவியை விட்டு எந்த உலாவிக்குப் போகிறோம், போனதால் என்ன தெரிந்துகொண்டோம் என்ற கணக்கு இல்லாவிட்டால், நான்கு உலாவிகளைத் திறந்து மூடிய பிறகும் கோளாறு இருந்த இடத்திலேயே இருக்கும்.

கோப்பு ஒன்று ஏறுவதற்கு நான்கு இடங்கள் ஒழுங்காக இருக்க வேண்டும்: கோப்பு, உலாவி, இணைய இணைப்பு, எதிர்முனையில் இருக்கும் சர்வர். ஆகவே முதலில் செய்ய வேண்டியது, பழுது எந்த இடத்தில் என்று பிரித்தறிவதுதான். பெயின்ட் செயலியில் ஏதாவது ஒரு சிறிய படத்தை, கேட்கப்படும் அளவுக்குள் அடங்குமாறு உருவாக்கி, இடைவெளியோ குறியீடோ இல்லாத எளிய ஆங்கிலப் பெயரில் ஜேபிஜி கோப்பாகச் சேமித்து, அதே உலாவியில் அதே பக்கத்தில் ஏற்றிப் பாருங்கள். அது ஏறிவிட்டால் உலாவி, இணைப்பு, சர்வர் மூன்றும் அநேகமாக நலமாக இருக்கின்றன. உங்கள் கோப்பில்தான் குறை. அதுவும் ஏறவில்லையென்றால் வேறு எஞ்சினில் (பக்கத்தைத் திரையில் காட்டும் உள் மென்பொருளில்) இயங்கும் உலாவி ஒன்றில் முயலுங்கள். அங்கும் தடைபட்டால், கடையின் இணைப்பைத் துண்டித்துவிட்டுக் கைப்பேசியின் ஹாட்ஸ்பாட் வழியாக முயலுங்கள். இவை எல்லாவற்றுக்கும் பிறகும் அதே பிழை வந்தால் சர்வரைச் சந்தேகிப்பது நியாயம். ஒரு முன்னெச்சரிக்கை: சோதனைப் படத்தோடு இறுதிச் சமர்ப்பிப்புப் பொத்தானை அழுத்திவிடக் கூடாது. பல இணையதளங்களில் அதன்பின் திருத்த வழியில்லை.

அனுபவத்தில் குறை மிகுதியும் கோப்பில்தான் இருக்கிறது. முதலாவது, அளவு. வங்கித் தேர்வுகளை நடத்தும் ஐபிபிஎஸ் நிறுவனம் புகைப்படத்துக்கு 20 முதல் 50 கேபி வரையும், கையொப்பத்துக்கு 10 முதல் 20 கேபி வரையும் கேட்கிறது. மேல்வரம்பை எல்லோரும் கவனிக்கிறார்கள். கீழ்வரம்பைக் கவனிப்பவர் குறைவு. கையொப்பத்தை அளவுக்கு மீறிச் சுருக்கி 6 கேபி ஆக்கிவிட்டு, “சின்ன ஃபைல்தானே, ஏன் ஏறவில்லை” என்று குழம்புகிறார்கள். விண்டோஸில் கோப்பின் மீது வலது சொடுக்கு செய்து பிராப்பர்ட்டீஸ் பகுதியைத் திறந்தால் ‘சைஸ்’, ‘சைஸ் ஆன் டிஸ்க்’ என்று இரண்டு எண்கள் தெரியும். முதல் எண்ணே கோப்பின் உண்மையான அளவு. இரண்டாவது, வட்டில் அது பிடித்திருக்கும் இடம் மட்டுமே.

சான்றிதழை ஸ்கேன் செய்யும்போதே அளவைக் கட்டுப்படுத்துவது, பிறகு இணையத்தில் சுருக்கும் தளங்களைத் தேடி அலைவதைவிட நல்லது. ஏ4 தாள் ஒன்றை 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளிகள்) ஸ்கேன் செய்தால் படம் 2480க்கு 3508 பிக்சல் இருக்கும். 150 டிபிஐக்குக் குறைத்தால் மொத்தப் பிக்சல்கள் நான்கில் ஒரு பங்காகிவிடும், எழுத்துகள் பெரும்பாலும் படிக்கும்படியே இருக்கும். ஆதாரையும் சாதிச் சான்றிதழையும் முன்பின் தெரியாத சுருக்கும் தளங்களில் ஏற்றுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஒருமுறை அங்கே போன நகல் என்ன ஆனது என்று நமக்குத் தெரிய வழியில்லை.

இரண்டாவது, பெயர். வாட்ஸ்அப் வெப்பிலிருந்து இறக்கிய படத்தின் பெயரைப் பாருங்கள்: ‘வாட்ஸ்அப் இமேஜ்’ என்று தொடங்கி, தேதி, நேரம், நடுவே இடைவெளிகள், மணி நிமிடத்துக்கு இடையே புள்ளிகள் என்று நீண்டு போகும். பெயரில் ஒன்றுக்கு மேற்பட்ட புள்ளிகள் இருந்தால் பாதுகாப்புக் கருதி மறுக்கும் தளங்கள் உண்டு. இடைவெளியை ஏற்காத தளங்களும் உண்டு. தமிழில் பெயரிட்ட கோப்புகளுக்கு வேறொரு சிக்கல் இருக்கிறது. எழுத்துகளைக் கணினி சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட் எடுத்துக்கொள்வதால், கண்ணுக்குச் சிறியதாகத் தெரியும் பெயர்கூட தளம் விதித்துள்ள நீளத்தைத் தாண்டிவிடலாம். மேலும் ‘கொ’, ‘கோ’ போன்ற எழுத்துகளின் உயிர்மெய்க் குறியை ஒரே குறியாகவும் எழுதலாம், முன்னும் பின்னுமாக இரண்டு குறிகளாகவும் எழுதலாம். பார்வைக்கு வேறுபாடு தெரியாது, ஆனால் கணினிக்கு அவை இரண்டு வேறு பெயர்கள். ஏற்றும் நேரத்தில் மட்டுமாவது எளிய ஆங்கில எழுத்துகளும் எண்களும் கொண்ட குறும்பெயர் வைத்துக்கொள்வதே பாதுகாப்பு.

மூன்றாவது, வகை. விண்டோஸ் வழக்கமாகக் கோப்பின் பின்னொட்டை (பெயரின் கடைசியில் புள்ளிக்குப் பின் வரும் வகைக்குறி) மறைத்துவிடுவதால், பெயர் மாற்றும்போது ‘ஜேபிஜி’ என்று நாமும் தட்டச்சு செய்து, பின்னொட்டு இரண்டு முறை வந்துவிடுகிறது. ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் வியூ பட்டியலில் பின்னொட்டைக் காட்டச் சொல்லிவிட்டால் இது தெரிந்துவிடும். குரோமில் சேமித்த படங்கள் சில நேரம் ‘ஜேஃபிஃப்’ என்ற பின்னொட்டோடு வரும். அவை உள்ளே ஜேபெக்தான் என்பதால் பெயரை மட்டும் மாற்றினால் போதும். பிஎன்ஜி கோப்பின் பெயரை ஜேபிஜி என்று மாற்றுவது அப்படியன்று. பெயர் மாறும், உள்ளடக்கம் மாறாது, உள்ளடக்கத்தைச் சோதிக்கும் தளம் அதைப் பிடித்துவிடும். ஐபோனில் 2017ஆம் ஆண்டு வந்த ஐஓஎஸ் 11 முதல், ஹைக் என்னும் வடிவில் படங்கள் சேமிக்கப்படுகின்றன. அப்படத்தைக் கேபிள் வழியாகக் கணினிக்குக் கொண்டுவந்தால் பல தளங்கள் ஏற்பதில்லை. செட்டிங்ஸில் கேமரா, ஃபார்மட்ஸ் என்று சென்று ‘மோஸ்ட் கம்பாட்டிபிள்’ என்பதைத் தேர்ந்தால் அடுத்தடுத்த படங்கள் ஜேபெக்காக வரும். ஏற்கெனவே எடுத்தவற்றைத் தனியாக மாற்ற வேண்டும்.

கடவுச்சொல் போட்ட பிடிஎஃப் என்பதும் அடிக்கடி கண்ணுக்குத் தப்பும் காரணம். இணையத்தில் இறக்கிய ஆதார் பிடிஎஃப், பெயரின் முதல் நான்கு ஆங்கிலப் பெரிய எழுத்துகளும் பிறந்த ஆண்டும் சேர்ந்த கடவுச்சொல்லால் பூட்டப்பட்டிருக்கும். அதை அப்படியே ஏற்றினால் தளம் மறுக்கும், அல்லது ஏற்றுக்கொண்டு பின்னர் பரிசீலிப்பவருக்குத் திறக்காமல் போகும். குரோமில் கடவுச்சொல் கொடுத்துத் திறந்து, பிரிண்ட் கட்டளையில் ‘சேவ் ஆஸ் பிடிஎஃப்’ தேர்ந்து சேமித்தால் பூட்டு நீங்கிவிடும். ஆனால் இவ்வாறு சேமிக்கும்போது கோப்பில் இருந்த டிஜிட்டல் கையொப்பமும் போய்விடும். எனவே டிஜிட்டல் கையொப்பத்தோடு உள்ள மூலச் சான்றிதழைக் கேட்கும் இடங்களில் இந்த வழி உதவாது.

கோப்பு குற்றமற்றது என்று தெரிந்த பிறகே உலாவியின் முறை வருகிறது. குரோம், எட்ஜ், பிரேவ், ஓபரா ஆகிய எல்லாம் குரோமியம் என்ற ஒரே அடித்தளத்தின் மேல் நிற்பவை. எட்ஜ் 2020 ஜனவரியில் அந்த அடித்தளத்துக்கு மாறியது. ஃபயர்பாக்ஸின் எஞ்சின் வேறு, சஃபாரியின் எஞ்சின் வேறு. தளத்தின் நிரல் ஒரு எஞ்சினோடு ஒத்துப்போகவில்லையா என்று அறிய, குரோமிலிருந்து ஃபயர்பாக்ஸுக்குப் போக வேண்டுமே தவிர எட்ஜுக்குப் போய்ப் பயனில்லை. எட்ஜில் ஏறிவிட்டது என்றால் அதிலிருந்து தெரிவது வேறு: குரோமில் சேர்ந்துள்ள நீட்சிகளோ (உலாவியில் கூடுதலாகச் சேர்த்த சிறு மென்பொருள்கள்), பழைய குக்கீகளோ (தளம் உலாவியில் விட்டுவைக்கும் சிறு குறிப்புகள்) தடுத்திருக்கின்றன என்பதே. அதற்கு உலாவியை மாற்ற வேண்டிய தேவையே இல்லை. குரோமில் இன்காக்னிட்டோ சாளரத்தைத் திறந்தாலே போதும், நீட்சிகள் வழக்கமாக அங்கே இயங்கா. நம் நாட்டில் ஐபோன் வைத்திருப்பவர்கள், சஃபாரியை விட்டு ஐபோனிலேயே குரோமுக்கு மாறுவதால் எஞ்சின் மாறுவதில்லை. இரண்டும் சஃபாரியின் எஞ்சினான வெப்கிட்டில்தான் ஓடுகின்றன.

பிரவுசிங் சென்டர்களுக்கே உரிய ஒரு கோளாற்றை இங்கே தனியாகச் சொல்ல வேண்டும். அம்பாசமுத்திரத்திலிருந்து அக்காளும் தங்கையும் சேர்ந்து வந்து ஒரே கணினியில் ஒரே தேர்வுக்கு விண்ணப்பிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அக்காளின் விண்ணப்பம் ஒரு தாவலில் திறந்திருக்கும்போதே அடுத்த தாவலில் தங்கை உள்நுழைந்தால், ஒரே உலாவியின் குக்கீகளை இரண்டு தாவல்களும் பங்கிட்டுக்கொள்வதால், முதல் உள்நுழைவு பெரும்பாலும் செல்லாததாகிவிடும். பிறகு அக்காளின் தாவலில் படத்தை ஏற்றினால் பிழை வரும். அதைவிட மோசமாக, அப்படம் தங்கையின் கணக்கில் போய் உட்காரவும் கூடும். இரண்டு இன்காக்னிட்டோ சாளரங்கள் திறந்தாலும் அவை ஒரே குக்கீகளையே பங்கிடுவதால் தீர்வாகாது. ஒருவருக்குக் குரோம், மற்றவருக்கு ஃபயர்பாக்ஸ் என்று பிரித்துவிடுவது எளிது. அல்லது ஒருவருடையதை முடித்து வெளியேறிய பிறகு மற்றவருடையதைத் தொடங்கலாம்.

குரோமில், கோப்பைத் தேர்ந்தெடுத்த பிறகு அதே கோப்பை பெயின்ட்டில் திறந்து திருத்திச் சேமித்தால், கோப்பு மாறிவிட்டது என்ற பொருளில் பிழை காட்டி ஏற்ற மறுக்கும். மீண்டும் ஒருமுறை தேர்ந்தெடுத்தால் சரியாகிவிடும். ஃபயர்பாக்ஸில் முகவரிப் பட்டைக்கு அருகிலுள்ள கேடயக் குறியைச் சொடுக்கி அந்தத் தளத்துக்கு மட்டும் கண்காணிப்புத் தடுப்பை நிறுத்திப் பார்க்கலாம்; அது போதவில்லையென்றால் ஹெல்ப் பட்டியலில் உள்ள டிரபிள்ஷூட் மோடு, நீட்சிகள் இல்லாமல் உலாவியைத் திறந்து காட்டும். பிரேவில் சிங்கக் குறியின் கீழுள்ள ஷீல்ட்ஸ் தடுப்பை நிறுத்த வேண்டும். பழைய இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் வேண்டும் என்று கேட்கும் அலுவலகத் தளங்கள் இன்னும் சில இருக்கின்றன. அந்த உலாவிக்கான ஆதரவு 2022 ஜூன் 15 அன்று முடிந்துவிட்டதால், எட்ஜின் டிஃபால்ட் பிரவுசர் அமைப்பில் ஐஇ மோடை (அந்தப் பழைய உலாவி போலவே இயங்கும் முறையை) அனுமதித்து அத்தளத்தைத் திறக்கலாம். விண்டோஸ் 7 ஓடும் பழைய கணினியில் குரோம் 109ஆம் பதிப்போடு நின்றுவிடும். புதிய தளங்கள் அதில் தடுமாறுவது வியப்பன்று.

கைப்பேசியில், ஃபேஸ்புக்கில் வந்த இணைப்பைத் தொட்டதும் அந்தச் செயலிக்குள்ளேயே ஒரு சிறு உலாவி திறக்கலாம்; கோப்பைத் தேர்ந்தெடுக்கும் பொத்தான் அங்கே சில நேரம் வேலை செய்யாது. மூன்று புள்ளிப் பட்டியலில் குரோமில் திறக்கும் வழி இருக்கும். கூகுள் டிரைவிலோ ஒன்டிரைவிலோ மட்டும் இருக்கும் கோப்பை முதலில் கருவிக்கு இறக்கிக்கொள்வதும், பென்டிரைவில் இருப்பதைக் கணினிக்கு நகலெடுத்துக்கொள்வதும் நல்லது.

இணைப்பைப் பொறுத்தவரை, கைப்பேசி வழியில் இறக்கும் வேகமும் ஏற்றும் வேகமும் ஒன்றல்ல என்பதை மறக்கக் கூடாது. யூடியூப் தடையின்றி ஓடுகிறது என்பது கோப்பு ஏறும் என்பதற்குச் சான்றாகாது. களக்காடு, பாபநாசம் போன்ற மலையடிவார ஊர்களில் சிக்னல் ஒன்றிரண்டு கோட்டில் நிற்கும் இடத்தில் ஏற்றும் வேகம் விநாடிக்கு 256 கிலோபிட் என்று வைத்துக்கொண்டால், 5 எம்பி கோப்பு ஏற இரண்டரை நிமிடத்துக்கு மேல் ஆகும். அதற்குள் இணைப்பு ஒருமுறை அறுந்தாலும் பல தளங்களில் முதலிலிருந்து தொடங்க வேண்டும். குரோம் தன் இடது கீழ் மூலையில் எத்தனை விழுக்காடு ஏறியது என்று காட்டும். எண் ஓரிடத்திலேயே நின்றால் இணைப்பைப் பாருங்கள். நூறைத் தொட்ட பிறகு பிழை வந்தால் சர்வர் பக்கம் பாருங்கள். விபிஎன் செயலியும், சில ஆன்டிவைரஸ் மென்பொருள்களும் நடுவே புகுந்து தடுப்பதுண்டு. இணைய மையத்தில் அவற்றை நிறுத்தும் உரிமை கடைக்காரருக்கே உரியது.

சர்வர் சொல்லும் எண்களில் சிலவற்றை அறிந்திருப்பது பயன் தரும். 413 என்றால் கோப்பு அல்லது படிவம் முழுவதும் வரம்பைத் தாண்டிவிட்டது. 415 என்றால் கோப்பு வகை ஏற்கப்படவில்லை. 403 என்றால் அனுமதி இல்லை, பெரும்பாலும் உள்நுழைவுக் காலம் முடிந்திருக்கும். சிக்கல் என்னவென்றால், மிகப் பெரிய கோப்பு வரும்போது சில சர்வர்கள் 413 என்று சொல்லி முடிப்பதற்குள் இணைப்பைத் துண்டித்துவிடுகின்றன. உலாவியோ இணைப்பு அறுந்தது என்று மட்டும் காட்டுகிறது, பயனர் நெட்டைக் குறை சொல்கிறார். பிஎச்பி என்னும் நிரல்மொழியில் எழுதிய தளங்களில் இன்னொரு விசித்திரம் உண்டு. ஒரு கோப்புக்கு 2 எம்பி, படிவம் முழுவதற்கும் 8 எம்பி என்பதே அம்மொழியின் இயல்பு வரம்பு. பின்னதைத் தாண்டினால் படிவத்தில் நிரப்பியவை எதுவும் நிரலுக்குக் கிடைக்காது. “பெயர் கட்டாயம், முகவரி கட்டாயம்” என்று நிரப்பிய கட்டங்களையே மீண்டும் கேட்டால், இணைத்த கோப்புகளின் மொத்த அளவைக் குறைத்துப் பாருங்கள்.

502, 503, 504 ஆகியவை பெரும்பாலும் சர்வர் பக்கச் சுமையையோ கோளாறையோ குறிப்பவை. எந்த உலாவியாலும் அவற்றைத் தீர்க்க முடியாது. விடியற்காலையில் முயல்வதே வழி. அதிலும் 504 வந்தால் கோப்பு உண்மையில் போய்ச் சேர்ந்திருக்கவும் கூடும் என்பதால், மறுபடி ஏற்றுவதற்கு முன், குறிப்பாகக் கட்டணம் செலுத்தும் படிக்கு முன், மீண்டும் உள்நுழைந்து பட்டியலில் கோப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் ஏறவில்லையென்றால் உதவி மையத்துக்கு எழுதலாம். “அப்லோட் ஆகவில்லை” என்ற ஒற்றை வரிக்கு யாராலும் பயனுள்ள பதில் தர முடியாது. உலாவியின் பெயரும் பதிப்பு எண்ணும், கோப்பின் அளவும் வகையும், பிழை வந்த தேதியும் நேரமும், திரையில் வந்த வாசகம் முழுமையாகத் தெரியும் ஸ்கிரீன்ஷாட்டும், வேறு எஞ்சின் கொண்ட எந்த உலாவியில் முயன்றீர்கள் என்பதும் கடிதத்தில் இருக்க வேண்டும்; கடவுச்சொல்லும் ஓடிபியும் மட்டும் எக்காரணம் கொண்டும் அதில் இருக்கக் கூடாது.