டூல் வாங்கும் அவசரத்தில் கடை எண்ணை இழக்காதீர்கள்

புரட்டாசி பிறந்துவிட்டால் தென்னாப்பிரிக்காவின் டர்பனில், கடைகளின் சமூக ஊடகக் கணக்குகளைப் பார்த்துக்கொள்ளும் எங்களைப் போன்றவர்களுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. விரதச் சாப்பாடு போடும் கேட்டரிங்காரர்கள், தீபாவளிக்குப் புடவையும் பலகாரமும் விற்பவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியோடு வருவார்கள்: "ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்ஆப் மூன்றையும் ஒரே இடத்தில் பார்க்க எந்த டூல் வாங்கலாம்?"

கேள்வியில் தவறு இல்லை. ஆனால் நாங்கள் தொழிலுக்கு வந்த புதிதில் இடறிய அதே இடங்களில் இப்போது வருபவர்களும் இடறுகிறார்கள். பாஸ்வேர்டைப் பத்திரமாக வையுங்கள், எழுத்துப்பிழை பாருங்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

ஆர்டர் எங்கிருந்து வருகிறது என்று பார்க்காமல் வாங்குவது

டூல் விற்பவர்கள் லிங்க்ட்இன், பின்டரெஸ்ட், எக்ஸ் என்று பெரிய பட்டியல் காட்டுவார்கள். நான் வேலை பார்க்கும் சாட்ஸ்வொர்த், பீனிக்ஸ் பகுதிக் கடைகளுக்கு ஆர்டர் வருவதோ பெரும்பாலும் வாட்ஸ்ஆப்பில்தான். போன வாரம் வந்த ஆர்டர்களை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அது எதன் வழியாக வந்தது என்று குறியுங்கள். ஃபேஸ்புக்கும் இன்ஸ்டாகிராமும் மட்டுமே என்றால், இவற்றையும் வாட்ஸ்ஆப்பையும் நடத்தும் மெட்டா நிறுவனம் தரும் மெட்டா பிசினஸ் சூட் போதும்; பதிவுகளை முன்கூட்டியே நேரம் குறித்து வைக்கலாம், காசு இல்லை. ஹூட்சூட் என்ற டூலை இலவசமாக வைத்துக்கொள்ளலாம் என்று பழைய கட்டுரைகளைப் படித்துவிட்டு வருபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்தத் திட்டம் 2023-லேயே நிறுத்தப்பட்டது.

கடையின் வாட்ஸ்ஆப் எண்ணைக் கொடுத்துவிடுவது

இதை நினைத்தால் எனக்கு இன்னும் கோபம் வருகிறது.

சாட்ஸ்வொர்த்தில் ஓர் அக்கா புடவைக் கடை வைத்திருக்கிறார். போர்டில், பில் புத்தகத்தில், பையில் எல்லாம் ஒரே எண். தீபாவளி நெருக்கத்தில் ஒருவர் வந்து, "எல்லாச் செய்தியும் ஒரே இன்பாக்ஸில் வரும், நாலு பேரும் பதில் போடலாம்" என்று ஒரு டூலை விற்றார். எண்ணை அதில் இணைக்க, முதலில் போனில் இருக்கும் வாட்ஸ்ஆப் கணக்கை நீக்க வேண்டும் என்றார். கேட்டது ஒரு பட்டனை அழுத்தச் சொல்லித்தானே என்று அக்காவின் மகன் அழுத்திவிட்டான்.

கணக்கை நீக்கினால் பழைய உரையாடல்கள் அழிந்துவிடும். எல்லாக் குழுக்களிலிருந்தும் அந்த எண் வெளியேறிவிடும். ஆண்ட்ராய்டு போன் என்றால் கூகுள் பேக்கப்பும் சேர்ந்து போகும். அக்காவுக்கு ரவிக்கை அளவுகள் முழுக்க அந்த உரையாடல்களில்தான் இருந்தன. தோள், மார்பு, கை நீளம் எல்லாம் வாடிக்கையாளர்கள் அனுப்பிய குரல் பதிவுகளாகவும் தாளில் எழுதிய படங்களாகவும் கிடந்தன. துணி வெட்டுகிற நேரத்தில் ஒவ்வொருவருக்கும் போன் போட்டு, "அம்மா, அளவை இன்னொரு தடவை சொல்லுங்க" என்று கேட்க வேண்டியதாயிற்று. கோயில் குழுக்களில் மறுபடி சேர அட்மின்களைத் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது.

அதோடும் முடியவில்லை. இப்படிப்பட்ட டூல்கள் வாட்ஸ்ஆப்பின் ஏபிஐ வழியாக, அதாவது வெளி மென்பொருளை வாட்ஸ்ஆப்போடு இணைக்கும் வழியாக, வேலை செய்கின்றன. அதற்கென்று விதிகள் உண்டு. வாடிக்கையாளர் கடைசியாகச் செய்தி அனுப்பியதிலிருந்து 24 மணி நேரம் வரைதான் நம் விருப்பப்படி பதில் எழுதலாம். பிறகு முன்கூட்டியே எழுதி மெட்டாவிடம் ஒப்புதல் வாங்கிய டெம்ப்ளேட் செய்திதான் போகும். விளம்பர டெம்ப்ளேட் என்றால் ஒவ்வொரு செய்திக்கும் கட்டணம். சனிக்கிழமை மத்தியானம் விலை கேட்டவருக்குத் திங்கள் காலை பதில் போடப் போனால் எழுதும் பெட்டி பூட்டியிருந்தது. தினமும் புதுப் புடவைகளை ஸ்டேட்டஸில் போட்டு விற்றவர் அவர். அந்த இன்பாக்ஸில் ஸ்டேட்டஸுக்கு வழியே இல்லை. விற்க வந்தவர் இதையெல்லாம் முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டும். தெரிந்திருந்தும் சொல்லாமல் விற்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

சரி, என்ன செய்யலாம்? முதலில், உங்களுக்கு ஏபிஐ தேவையா என்று பாருங்கள். இலவசமான வாட்ஸ்ஆப் பிசினஸ் செயலியிலேயே கேட்டலாக், லேபிள், விரைவுப் பதில், கடை மூடியிருக்கும்போது தானாகப் போகும் செய்தி எல்லாம் இருக்கின்றன. போனைத் தவிர இன்னும் நாலு கருவிகளில் அதை இணைக்கலாம். சிறிய கடைக்கு இது தாராளம். மொத்தமாகச் செய்தி அனுப்பும் பிராட்காஸ்ட் பட்டியலில் 256 பேர் வரைதான், அதுவும் உங்கள் எண்ணைச் சேமித்து வைத்திருப்பவர்களுக்குத்தான் போகும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

அதையும் தாண்டி ஏபிஐ வேண்டும் என்றால் புது சிம் வாங்கி அந்த எண்ணைக் கொடுங்கள். ஒரே எண் செயலியிலும் ஏபிஐயிலும் சேர்ந்து இயங்கும் வசதியை மெட்டா தருகிறது, ஆனால் எல்லா நாட்டு எண்களுக்கும் இல்லை. எல்லா டூலும் அதைக் கொடுப்பதும் இல்லை. "என் எண் போனிலும் தொடர்ந்து வேலை செய்யுமா? கணக்கை நீக்க வேண்டுமா?" என்ற இரண்டு கேள்விகளுக்கும் பதிலை ஈமெயிலில் எழுதி வாங்குங்கள். வாய்வார்த்தையை நம்பி எண்ணைக் கொடுக்காதீர்கள்.

விலையை டாலரில் மட்டும் பார்ப்பது

ராண்டில் கணக்குப் போடுங்கள். வெளிநாட்டு மின்னணுச் சேவைக்கும் இங்கே 15 சதவீதம் வாட் வரி உண்டு, வங்கியும் அந்நியச் செலாவணிக் கட்டணம் எடுக்கும். சில டூல்கள் ஆளுக்கு இவ்வளவு என்றும், சில இணைக்கும் ஒவ்வொரு கணக்குக்கும் இவ்வளவு என்றும் வாங்கும். தீபாவளிக்கு இரண்டு பேரை வேலைக்குச் சேர்த்தால் பில் எவ்வளவு ஏறும் என்று கேட்டுவிட்டு, முதலில் மாதத் திட்டமே எடுங்கள்.

பழைய வாடிக்கையாளர் பட்டியலை அப்படியே ஏற்றுவது

தனிநபர் தகவலைப் பாதுகாக்கும் இங்குள்ள போப்பியா சட்டத்தின் 69-ஆம் பிரிவு இப்படி அனுப்பும் விளம்பரச் செய்திகளுக்காகவே இருக்கிறது. உங்களிடம் ஏற்கெனவே வாங்கியவர்களுக்கு அதே வகைப் பொருள்களைப் பற்றி, வேண்டாம் என்று சொல்ல வழிவைத்து, விளம்பரம் அனுப்பலாம். மற்றவர்களிடம் சம்மதம் வாங்க வேண்டும். கோயில் குழுவில் இருக்கும் எண்களை எடுத்து டூலில் போடுவது கூடவே கூடாது.

நேர மண்டலம்

டூலின் செட்டிங்ஸில் ஜோகன்னஸ்பர்க் என்று மாற்றுங்கள். வாங்கிய அன்றே.

ஃபேஸ்புக் பேஜ் யார் பெயரில்?

கடைக்காரர் பெயரில். டூல் விற்பவருக்கும் பார்ட் டைம் பிள்ளைக்கும் வேலைக்குத் தேவையான அனுமதி மட்டும்.

தீபாவளி வாரத்தில் சோதனை பார்ப்பது

இலவசச் சோதனைக் காலத்தை ஆவணியிலேயே தொடங்குங்கள். தமிழில் வாழ்த்து அட்டை போடுபவர் என்றால் "பொங்கல்" என்று அடித்து முன்தோற்றத்தில் பாருங்கள். சில டிசைன் டூல்களில் கொம்பு தனியாகவும் கால் தனியாகவும் பிரிந்து நிற்கும். இன்ஸ்டாகிராம் ரீலுக்குச் செயலியில் இருக்கும் பாட்டைப் பெரும்பாலான வெளி டூல்களிலிருந்து சேர்க்க முடியாது. நேரம் வந்ததும் போனுக்கு நினைவூட்டல் மட்டும் வரும், நீங்களே கையால் போட வேண்டும். அப்புறம், நிறுத்த நினைத்தால் உரையாடல்களையும் தொடர்பு எண்களையும் கோப்பாக இறக்க முடிகிறதா என்று சோதனைக் காலத்திலேயே ஒரு தடவை இறக்கிப் பாருங்கள். முடியவில்லை என்றால் அந்த டூல் வேண்டாம்.