கண் கூசாத செனான் ஹெட்லைட்: எச்4 காரில் மாற்றுவது எப்படி?

எச்4 ஹாலஜன் பல்பைக் கையில் எடுத்து உற்றுப் பாருங்கள். டிம் இழைக்கு அடியில் சின்னக் கரண்டி மாதிரி ஒரு தகடு இருக்கும். ஒளி ரிஃப்ளெக்டரின் கீழ்ப்பாதியில் பட்டு மேலே எழும்பாமல் தடுப்பது அதுதான். அந்த இடத்தில் செனான் பல்பைச் (இழை இல்லாமல், வாயுவுக்குள் மின்பொறியால் எரிவது) செருகினால், ஒளி பிறக்கும் இடம் ஒரு மில்லிமீட்டர் தள்ளினாலே போதும், எதிரே வருபவருக்குக் கண் இருட்டிவிடும். ரிஃப்ளெக்டரில் நேரடியாகப் போடும் எச்ஐடி (செனான்) கிட் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். ஒளியை லென்ஸ் வழியாகக் குவித்து, மேலே போவதைத் தடுப்புத் தகட்டால் வெட்டும் புரொஜெக்டர் வேண்டும்.

வாங்க வேண்டியவை: 2.5 அங்குல பை-செனான் புரொஜெக்டர் (ஒரே பல்பில் டிம், பிரைட் இரண்டும் தருவது) 2, 35 வாட் டி2எஸ் வகை செனான் பல்பு 2, பேலஸ்ட் (பல்பைப் பற்றவைத்து எரிய வைக்கும் மின்பெட்டி) 2, ரிலே வயரிங் செட், பியூட்டைல் சீலன்ட். பல்பு 4300 கெல்வின் போதும். 8000 நீலமாக மின்னும், மழையில் ரோடு தெரியாது. புரொஜெக்டர் வலப்பக்க ஸ்டீயரிங் காருக்கானதா என்று கட்டாயம் கேளுங்கள். நம் ஊரில் கட்-ஆஃப் கோடு (டிம் ஒளி மேலே முடியும் விளிம்பு) இடப்பக்கம்தான் ஏற வேண்டும். ஐரோப்பாவில் கழற்றிய பழைய புரொஜெக்டர் பெரும்பாலும் வலப்பக்கம் ஏறும். அது நேராக எதிர் வண்டிக்காரர் முகத்தில் அடிக்கும். ஆர்டிஓ விதிகளையும் முதலிலேயே விசாரித்துவிடுங்கள்.

1. பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, பம்பரை இறக்கி, ஹெட்லைட்டை வெளியே எடுங்கள். பல்பு, ஸ்க்ரூ, கிளிப் எல்லாவற்றையும் நீக்கிவிட்டு 100 டிகிரி ஓவனில் சுமார் 10 நிமிடம் வைத்தால் ஹெட்லைட் கண்ணாடியை ஒட்டிய பசை இளகும், கண்ணாடியைப் பிரித்தெடுங்கள். இளகாத கெட்டிப் பசை என்றால் நெம்பாதீர்கள், கண்ணாடி விரிசல் விடும்.

2. எச்4 துளையில் புரொஜெக்டரை நுழைத்து நட்டைக் கையால் மட்டும் திருகுங்கள். பல்பைப் போடும்போது அதன் கண்ணாடியில் விரல் படக் கூடாது. தற்காலிகமாக இணைப்புக் கொடுத்துச் சுவரில் அடித்து, கோட்டின் தட்டையான பகுதி மட்டமாக வரும்வரை புரொஜெக்டரைச் சுழற்றுங்கள். பிறகுதான் நட்டை இறுக்கி, சீலன்ட் வைத்து மூட வேண்டும். அவசரப்பட்டு மூடினால் மறுபடியும் ஓவன்தான்.

3. பேலஸ்டைத் தண்ணீர் தெறிக்காத இடத்தில் பொருத்துங்கள். பற்றவைக்கும் நொடியில் 20,000 வோல்ட்டுக்கு மேல் பாயும், எரியும்போது தொடாதீர்கள். மின்சாரம் பேட்டரியிலிருந்து ஃப்யூஸ், ரிலே வழியாக வரட்டும். பழைய எச்4 பிளக்கிலிருந்து சிக்னல் மட்டும் எடுங்கள். பற்றும்போது பேலஸ்ட் இழுக்கும் கரன்ட்டைப் பழைய மெல்லிய வயர் தாங்காது. ஒரு பக்கம் மினுக்கி அணைவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

4. டயரில் காற்று சரிபார்த்து, டிரைவர் சீட்டில் ஆளை உட்கார வைத்து, லெவல் குமிழை (ஹெட்லைட் ஒளியை ஏற்றி இறக்கும் டாஷ்போர்டு திருகு) 0-இல் வையுங்கள். சமதளத்தில், சுவரிலிருந்து 5 மீட்டர் தள்ளி நிறுத்துங்கள். புரொஜெக்டர் மையத்தின் உயரத்தைச் சுவரில் டேப்பால் குறித்து, கட்-ஆஃப் அதற்கு 5 சென்டிமீட்டர் கீழே வரும்படி திருகுங்கள். பல்பு முழு வெளிச்சம் பிடிக்க அரை நிமிடமாவது ஆகும். அதன் பிறகு அளவெடுங்கள்.

கடைசியாக, காருக்கு 8 மீட்டர் முன்னால், ஹெட்லைட்டுக்கு அரை மீட்டர் வலப்பக்கம் (டிரைவரின் வலப்பக்கம்) தள்ளி, கண் 1.5 மீட்டர் உயரத்தில் இருக்குமாறு நின்று டிம்மைப் பாருங்கள். மத்திய மோட்டார் வாகன விதி 106 சொல்லும் அளவு இது. கூசினால் இன்னும் இறக்குங்கள். பின்சீட்டில் மூன்று பேரும் டிக்கியில் பெட்டிகளும் ஏறினால் முன்பக்கம் தூக்கும். அன்றைக்கு லெவல் குமிழை 2-க்குத் திருப்பி, சுவரில் மறுபடி ஒருமுறை பாருங்கள்.