"1200-ம் ஆண்டு" வரிக்கடைசியில் உடையாமல் இருக்க

செங்கோட்டை, தென்காசி, நாகர்கோவில் பக்கத்துக் கல்யாணப் பத்திரிகைகளில் கொல்லம் ஆண்டு (மலையாள ஆண்டு) போடும் வழக்கம் உண்டு. "கொல்லம் 1200-ம் ஆண்டு ஆவணி மாதம் 5-ம் தேதி (21-08-2024) புதன்கிழமை" என்ற வரியில் மட்டும் நான்கு ஹைஃபன். வேர்டும், பக்கம் வடிவமைக்கும் மென்பொருளான இன்டிசைனும் ஒவ்வொரு ஹைஃபனுக்குப் பின்னாலும் வரியை முறிக்கலாம் என்றே எடுத்துக்கொள்ளும். "1200-" மேலே நிற்க, "ம் ஆண்டு" கீழே விழுவது இதனால்தான். மெய்யெழுத்தில் வரி தொடங்கினால் வாசிக்கிறவர் கண் அங்கேயே இடறும்.

என்டர் தட்டிச் சரிசெய்யாதீர்கள். ப்ரூஃபில் (சரிபார்க்கும் பிரதியில்) தாய்மாமன் பெயர் ஒன்று சேர்ந்தாலே வரிகள் நகர்ந்து, என்டர் விழுந்த இடம் நடுவில் அறுந்து நிற்கும்.

செய்ய வேண்டியது, முறியாத ஹைஃபன் (தனக்குப் பின்னால் வரியை முறிய விடாத ஹைஃபன்) போடுவது. வேர்டில் கன்ட்ரோல், ஷிஃப்ட், ஹைஃபன் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். இன்டிசைனில் கன்ட்ரோல், ஆல்ட், ஹைஃபன். முழுக் கோப்பையும் திருத்த, வேர்டின் ஃபைண்ட் பெட்டியில் -ம் என்றும் ரீப்ளேஸ் பெட்டியில் ^~ம் என்றும் கொடுங்கள். -ல், -ஆம், -இல் எல்லாவற்றுக்கும் இதே முறை. தேதியிலுள்ள ஹைஃபன்களைக் கையால் மாற்றிவிடலாம்.

யூனிகோடின் 2011 எண் எழுத்தும் முறியாத ஹைஃபன்தான். ஆனால் பல தமிழ் ஃபான்ட்டுகளில் அது கிடையாது; வேறு ஃபான்ட்டிலிருந்து வந்து உட்கார்ந்து, கோடு தடித்தோ மெலிந்தோ தெரியும். பிரின்ட் எடுத்துப் பார்க்காமல் பிளேட்டுக்கு (அச்சுத் தகடு எடுக்க) அனுப்பக் கூடாது.

இன்டிசைனில் "நோ பிரேக்" (தேர்ந்த எழுத்துகளுக்குள் வரி முறியாமல் தடுக்கும் வசதி) இன்னும் சுத்தமான வழி. "1200-ம்" என்பதை மட்டும் செலக்ட் செய்து கேரக்டர் பேனல் மெனுவில் அதைக் கொடுங்கள். பத்தி முழுவதற்கும் கொடுத்துவிட்டால் ஒரு வரிக்குள் அடங்காமல் எழுத்தே பெட்டியிலிருந்து மறைந்துவிடும்.

"செங்கோட்டை–புனலூர்" போன்றவற்றுக்கு "என் டேஷ்" (ஹைஃபனைவிடச் சற்று நீண்ட கோடு, –). யூனிகோடு விதிப்படி அதற்குப் பின்னால்தான் முறியும். அது நல்லதுதான், விட்டுவிடலாம். "எம் டேஷ்" (அதைவிடவும் நீண்ட கோடு, —) என்பதற்கோ இரு பக்கமும் முறிய அனுமதி உண்டு, அதனால் கோடே அடுத்த வரியின் தலையில் போய் நிற்கும். "இடம் — மண்டபம்" என்று இடைவெளி விட்டு எழுதும்போது, கோட்டுக்கு முன் முறியாத இடைவெளி (வேர்டில் கன்ட்ரோல், ஷிஃப்ட், ஸ்பேஸ்), பின் சாதாரண ஸ்பேஸ். இடைவெளி இல்லாமல் ஒட்டி எழுதினால், கோட்டுக்கு முன் யூனிகோடு 2060 எண்ணுள்ள கண்ணுக்குத் தெரியாத இணைப்பானைச் சேர்க்க வேண்டும்.