பர்மாக் கோடையில் காய்கறித் தோட்டம்: பங்குனி, சித்திரையைத் தாண்டுவது எப்படி

பங்குனி பிறந்ததும் தோட்டத்தை அப்படியே கைவிட்டுவிட்டு, மழை வரட்டும் பார்க்கலாம் என்று இருந்துவிடுகிறவர்கள் நம்மில் நிறையப் பேர். யாங்கோன், தன்லின், பாகோ, மோல்மேன் எல்லாமே ஆண்டுக்கு இரண்டு மீட்டருக்கு மேல் மழை கொட்டுகிற இடங்கள்தான், ஆனால் அத்தனையும் மே கடைசியிலிருந்து அக்டோபர் வரைக்குள் கொட்டி முடிந்துவிடுகிறது, ஜனவரி முதல் மார்ச் வரை வானத்திலிருந்து ஏறக்குறைய ஒன்றும் கிடையாது. ஏப்ரலில் பகல் வெயில் 37 டிகிரியைத் தொடும். அப்படியும் வீட்டுக்கு வேண்டிய வெண்டை, கத்தரி, கீரையை இந்த வெயிலிலேயே எடுக்கலாம். தண்ணீர் நிறைய இருக்க வேண்டும் என்றில்லை, ஊற்றுகிற தண்ணீர் மண்ணுக்குள் தங்க வேண்டும், அவ்வளவுதான்.

முதலில் பாத்தியை மாற்றுங்கள். இங்கே எல்லோரும் மழைக்குப் பயந்து மேட்டுப் பாத்தி போடுகிறோம், அது சரிதான், ஆனால் அதே மேட்டைக் கோடைக்கும் வைத்துக்கொண்டால் நாலு பக்கமும் காற்றும் வெயிலும் பட்டு மண் காய்ந்துவிடும், ஊற்றும் தண்ணீரும் சரிந்து வாய்க்காலுக்குப் போய்விடும். கோடைக்குப் பள்ளப் பாத்திதான் நல்லது. நடைபாதையைவிட மூன்று நாலு அங்குலம் தாழ்வாக, சுற்றிலும் சின்ன வரப்போடு போட்டு, மக்கிய சாணத்தையோ இலைமக்கையோ தாராளமாகக் கலந்துவிடுங்கள். நம் பக்கத்துக் களிமண் காய்ந்தால் விரல் போகிற அளவுக்கு வெடிக்கும், அந்த வெடிப்பு வழியாக அடிமண் ஈரமும் போய்விடும். அதனால் வெடிப்பு தெரிந்ததும் மேல் ஓர் அங்குலத்தை மட்டும் லேசாகக் கொத்திவிட்டு உடனே மூடிவிட வேண்டும்.

மூடுவது என்றால் மூடாக்கு. கோடைத் தோட்டத்தில் ஒரே ஒரு வேலைதான் செய்ய நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள். வைக்கோல் கிடைத்தால் அதுதான் முதல் தரம், இல்லாவிட்டால் நிலக்கடலை ஓடு, காய்ந்த வாழையிலை, சருகு, எது கிடைத்தாலும் சரி. மூன்று அங்குலக் கனத்துக்குப் பரப்புங்கள், மெல்லிசாகத் தூவினால் பயன் இல்லை. தண்டை ஒட்டி மட்டும் போடாமல் இரண்டு அங்குலம் விட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் அழுகலும் கறையானும் வரும். குளத்தில் அடைத்துக் கிடக்கிற ஆகாயத்தாமரையையும் பயன்படுத்தலாம், பூ விடுவதற்கு முன்னால் அள்ளி, வேர் மொறுமொறுவென்று ஆகும்வரை வெயிலில் காயவைத்த பிறகு போட வேண்டும், பச்சையாகப் போட்டால் ஈரத்தில் மறுபடி தழைக்கும். பச்சை உமியைத் தனியாகப் போட்டால் காற்றில் பறக்கும், அதைவிட உமிக்கரியை மண்ணோடு கலப்பது நல்லது, மண் பொலபொலவென்று ஆகும், ஈரமும் நிற்கும்.

அடுத்தது தண்ணீர் கணக்கு. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் ஈரம் என்றால் ஒரு லிட்டர். இந்த வெயிலில் நன்றாக வளர்ந்த செடிகள் நிற்கும் பாத்தி நாளுக்கு 5, 6 மில்லிமீட்டர் இழக்கும். நாலுக்கு எட்டு அடிப் பாத்தி ஏறக்குறைய 3 சதுர மீட்டர், அப்படியானால் நாளுக்கு 15 லிட்டருக்குக் குறையாமல் வேண்டும். அதைத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிக்காதீர்கள். மூடாக்கு போட்ட பாத்திக்கு மூன்று நாளுக்கு ஒரு முறை நாலைந்து வாளி மெதுவாக ஊற்றினால் ஈரம் அரை அடி, முக்கால் அடி ஆழத்துக்கு இறங்கும், வேரும் அதைத் தேடிக் கீழே போகும். தினம் மேலாகத் தெளிக்கிற பாத்தியில் வேர் மேலேயே சுற்றிக்கொண்டு, ஒருநாள் தண்ணீர் தவறினாலும் வாடிவிடும். சந்தேகம் வந்தால் ஒரு குச்சியைச் சொருகி எடுத்துப் பாருங்கள், அடியில் மண் ஒட்டினால் இன்றைக்கு வேண்டாம். மத்தியானம் இலை தொங்குவதைப் பார்த்துப் பதறவும் வேண்டாம், சாயங்காலம் நிமிர்ந்துவிட்டால் செடிக்குக் குறையில்லை. காலையிலும் தொங்கினால்தான் உடனே ஊற்ற வேண்டும். கீரையும் புதிதாக முளைத்த செடியும் மட்டும் வேறு, அவற்றின் வேர் மேலேயே இருப்பதால் தினமும் கேட்கும்.

விடிகாலையில் ஊற்றுவது நல்லது. கரண்ட் வரும் நேரத்தைப் பார்த்துத்தான் மோட்டார் போட முடிகிறது என்பது எல்லா வீட்டிலும் உள்ள கஷ்டம், அதனால் கரண்ட் இருக்கும்போது டிரம்மில் பிடித்து வைத்துக்கொண்டு காலையில் வாளியால் ஊற்றுங்கள். டிரம்மை இறுக மூடுங்கள், திறந்து கிடந்தால் டெங்குக் கொசுவுக்கு அதுவே போதும்.

தண்ணீர் ரொம்பத் தட்டுப்பாடு என்றால் மண்பானை முறைதான் என் முதல் யோசனை. தெருவோரத்தில் வழிப்போக்கர் குடிக்க வைக்கிறார்களே, அந்தத் தண்ணீர்ப் பானை ஏன் வெளியே ஈரமாக இருக்கிறது? சுட்ட மண்ணின் நுண்துளை வழியாக நீர் கசிவதால்தான். அதே பானையைப் பாத்தி நடுவில் கழுத்துவரை புதைத்து நிரப்பி மூடிவிட்டால், சுற்றியுள்ள மண் காயக் காய நீர் தானாகக் கசியும், மண் ஈரமாக இருக்கும்போது கசிவு தானாகக் குறையும். மேல்மண் காய்ந்தே கிடப்பதால் களையும் குறைவு. பானையைச் சுற்றி ஓர் அடிக்குள் புடலோ பாகலோ பீர்க்கோ ஊன்றுங்கள். யாங்கோனுக்கு அருகே துவாந்தே ஊரில் செய்கிற பானைதான் நமக்குப் பக்கம், ஆனால் அங்கே மெருகு போட்டதும் செய்கிறார்கள், அது கசியாது, மெருகு இல்லாததைக் கேட்டு வாங்குங்கள்.

கடலை ஒட்டிய ஊர்களிலும் டெல்டாப் பக்கமும் கோடையில் கிணறு உப்புக் கரிக்கும். இலை ஓரம் கருகி, மண்மேல் வெள்ளையாகப் படிந்தால் அதுதான் காரணம். அந்தத் தண்ணீரை இலைமேல் படவே விடாதீர்கள், ஊற்றும்போது நிறைய ஊற்றி உப்பை வேருக்குக் கீழே தள்ளிவிடுங்கள். அரிசி களைந்த தண்ணீர், காய் கழுவிய தண்ணீர் எதையும் கொட்டாமல் செடிக்கு ஊற்றலாம். சோப்புத் தண்ணீரை வாழைக்கும் தென்னைக்கும் விடுங்கள், கீரைக்கு வேண்டாம்.

எதைப் போடுவது? வெண்டை, கத்தரி, தட்டைப்பயறு, கொத்தவரை, பாகல், புடல், பீர்க்கு, தண்டுக்கீரை எல்லாம் இந்த வெயில் தாங்கும். புளிச்சகீரையை மறக்கவே மறக்காதீர்கள், பர்மாக்காரர் சின்பவுங் என்று தினம் சமைக்கிற அதே கீரை, நுனி கிள்ளக் கிள்ளப் பக்கக் கிளை விட்டுக்கொண்டே இருக்கும். முருங்கை வேர் பிடித்துவிட்டால் கேட்கவே வேண்டாம். முட்டைக்கோஸ், காலிஃப்ளவர், கொத்தமல்லிக்கெல்லாம் இது காலம் இல்லை. தக்காளியும் அப்படித்தான், பகல் 35 டிகிரிக்கு மேல் போய் இரவும் புழுங்கினால் மகரந்தம் கெட்டுப் பூ உதிரும், எவ்வளவு உரம் போட்டாலும் காய்க்காது. இன்லே ஏரியின் மிதக்கும் தோட்டத்துத் தக்காளி நன்றாக வருகிறது என்றால் அது கடல் மட்டத்துக்கு மேல் 900 மீட்டர் உயரத்தில், குளிர்ந்த இடத்தில் இருப்பதால்தான்.

வெண்டை, பாகல் விதையை இரவு ஊறவைத்து விதையுங்கள். கத்தரி நாற்றைச் சாயங்காலம் நட்டு, மூன்று நாலு நாளுக்கு வாழை மட்டையைக் கூரைபோலக் கவிழ்த்து வையுங்கள், வேர் பிடித்ததும் எடுத்துவிடலாம். கீரைப் பாத்திக்கு மேற்குப் பக்கம் மூங்கில் நட்டு ஒரு தென்னங்கீற்றுத் தட்டி கட்டினால் மூன்று மணி வெயில் படாது. வெண்டைக்கு நிழல் கூடாது, நிழலில் உயரமாகப் போகுமே தவிரக் காய் குறையும்.

காய்ந்த மண்ணில் யூரியா போடாதீர்கள், வேர் கருகிவிடும். கடலைப் புண்ணாக்கையோ எள்ளுப் புண்ணாக்கையோ இரண்டு மூன்று நாள் ஊறவைத்து, பத்து மடங்கு தண்ணீர் சேர்த்து, பாத்தி நனைந்த பிறகு ஊற்றுங்கள். பூச்சியைப் பொறுத்தவரை வறட்சியில் செஞ்சிலந்தி, வெள்ளை ஈ, மாவுப்பூச்சி மூன்றும்தான் தொல்லை. இலையின் அடிப்பக்கத்தில் காலையில் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சினாலே சிலந்தி பெரும்பாலும் கழன்று விழும். மிஞ்சினால் லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயும் சில சொட்டு சோப்பும் கலந்து சாயங்காலம் அடியுங்கள். வெண்டை இலையில் நரம்பு மட்டும் மஞ்சளாகப் பின்னிக்கொண்டால் அது வெள்ளை ஈ பரப்பும் வைரஸ், மருந்து கிடையாது, அந்தச் செடியைப் பிடுங்கி எரித்துவிட்டு மற்றதைக் காப்பாற்றுங்கள்.

பர்மாப் புத்தாண்டுத் தண்ணீர்த் திருவிழாவான திஞ்ஞான் முடிந்து ஏப்ரல் கடைசியில் ஒன்றிரண்டு கோடை மழை பெய்யும். உடனே தண்ணீரை நிறுத்திவிடாதீர்கள், அது பெரும்பாலும் மேல் ஓர் அங்குலத்தைத்தான் நனைக்கும், குச்சி போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். பந்தல் கால்களையும் அந்த வாரமே இறுக்கிக் கட்டிவிடுங்கள். நர்கிஸ் புயல் அடித்தது 2008 மே 2ஆம் தேதி, மோக்கா 2023 மே 14. அவ்வளவு பெரிய புயல் வராவிட்டாலும், மழைக்கு முந்தின சுழல்காற்று ஒன்று போதும், காய்த்து நிற்கிற புடலைப் பந்தலோடு சாய்த்துவிடும்.